அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர்

சுபாங்கனின் கண்ணைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மினிபஸ்ஸில் போகும்போது மதிலில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தலைப் பார்ப்பான். செத்தது யார் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள், "அக்கா, தகனக்கிரியையிலை ஒரு 'க்' இல்லை" என்பான். பஸ் அடுத்த சந்திக்குப் போயிருக்கும். அந்த ஒரு எழுத்துக்காக அவன் வீடு வரும்வரை முகத்தைச் சுளித்தபடி இருப்பான்.

அவன் என் சின்னம்மா இரத்தினம்மாவின் இரண்டாவது மகன். வல்வெட்டித்துறையில் வீடு, நெல்லியடியில் கடை. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலிப் பதாகை, முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம், செத்தவீட்டை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேரலையாகக் காட்டுவது, எல்லாம் அவன்தான். ஒன்பது வருடமாக எங்கள் பக்கத்தில் ஒரு உயிர் போனால் ஐயருக்கு முதல் அவனுக்குத்தான் போன் போகும்.

எங்கள் ஊர் நோட்டீஸில் செத்தவரைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும். மிச்சமெல்லாம் இருப்பவர்களைப் பற்றியது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊர். கனடா, ஜேர்மனி, சுவிஸ். செத்தது யாரென்று சனம் ஒருமுறை பார்க்கும். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை மூன்று முறை வாசிக்கும். முன்பொரு தடவை ஒரு கிழவரின் நோட்டீஸில் மூத்த மருமகனுக்கு மட்டும் 'சுவிஸ்' விடுபட்டுப் போனது. அந்த மனிதர் அவ்வளவு தூரம் பறந்து வந்து, பிரேதத்துக்கு முன்னால் நின்று, "நான் என்ன நடு றோட்டிலையோ இருக்கிறன்?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு நியாயம் பேசத் தொடங்கினார்கள்.

அன்றிலிருந்து சுபாங்கன் ஒரு வழி கண்டுபிடித்தான். செத்தவீட்டுச் செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்குவான். குடும்பத்தில் இருக்கிற அத்தனை நம்பரையும் அதற்குள் போடுவான். நோட்டீஸை அங்கே காட்டுவான். எல்லோரும் பெயரையும் ஊரையும் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிய பிறகுதான் அச்சுக்குப் போகும். நேரலையின் லிங்கும் அதிலேயே வரும். "இனி ஒருத்தரும் என்னிலை பிழை சொல்லேலாது" என்று பெருமைப்பட்டுக்கொள்வான்.

அவனுக்கு ஒரே தங்கை, றஜிதா. அண்ணன் கோகுலன் கனடாவுக்குப் போய்ப் பதினைந்து வருடமாகிறது. தகப்பன் கனகலிங்கம் கப்பலுக்குப் போய் வந்த மனிதர், எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். றஜிதாவைப் பருத்தித்துறையில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கஜானனுக்கு இரண்டு வள்ளம். குடிக்க மாட்டான். திருவிழாவில் வடம் பிடிக்க முன்னுக்கு நிற்பான். குடிக்காதவன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்றால் எங்கள் சனம் நம்பாது. நாலாம் வருடம் அவன் விட்ட ஒரு அறையில் றஜிதாவின் இடது காது கேட்காமல் போயிற்று. எதற்காக அடித்தான் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, அவர்களோடு பிறகு கதைப்பதும் இல்லை.

அவள் தாய் வீட்டுக்கு வந்து சொன்னபோது சுபாங்கனின் பெரிய மாமி, தகப்பனின் அக்கா, அங்கே இருந்தார். "மற்றக் காது கிடக்குத்தானே பிள்ளை. ஒண்டாலை கேட்டுக்கொண்டு குடும்பத்தை நடத்து" என்றார். பகிடி என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். பெரிய மாமி பகிடி விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, ஒரு பையோடு றஜிதா புறப்பட்டாள். சுபாங்கன்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் றோட்டால் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய் ஒரு அறை பிடித்து, ஒரு புடவைக்கடையில் வேலைக்கும் சேர்த்துவிட்டான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரேயொரு துணிச்சலான காரியம் அது. புது சிம், புது நம்பர். அவள் இருக்கும் இடம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சின்னம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தவனைச் சின்னம்மாதான் தடுத்தார். "எங்கை எண்டு சொல்லிப் போடாதை ராசா. எனக்குத் தெரிஞ்சால் ஆருக்கும் உளறிப் போடுவன்." எங்கள் குடும்பத்தில் தன் வாயை அறிந்த ஒரே ஆள் அவர்தான்.

கஜானன் ஊர் முழுக்கத் தேடினான். கடைசியில் சின்னம்மா வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்கை இருந்தாலும் ஒருநாளைக்குக் கண்டுபிடிப்பன் மாமி. அதுக்குப் பிறகு அவள் ஒருத்தற்றை கதையும் கேட்கத் தேவையில்லை." நானும் அப்போது அங்கே நின்றேன். அதன் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை, விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு காது போனபிறகு றஜிதா போனில் அதிகம் கதைக்க மாட்டாள், எழுதத்தான் விருப்பம். 'அண்ணை, சாப்பிட்டன்.' 'அண்ணை, இண்டைக்குக் கடையிலை சனம்.' 'அண்ணை, அம்மாவுக்கு மருந்து வாங்கினனீங்களோ?' எதை எழுதினாலும் 'அண்ணை' முன்னுக்கு நிற்கும். முதல் மாதம் வேலை செய்து முடித்த அன்று கடைச் சீருடையோடு தன்னைத் தானே ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தன் படமாகப் போட்டாள். ஊதாச் சேலை, மஞ்சள் கரை. பயத்தில் முகத்தைப் பாதியோடு வெட்டியிருந்தாள். சேலையை வெட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிற இடம் ஒன்று அந்தப் போனுக்குள் இருக்கிறது. அவளுடையதில் அது 'எல்லோரும்' என்று கிடந்தது.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்னம்மா தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. சுபாங்கன் றஜிதாவுக்குப் போன் எடுத்தான். அவன் எனக்குப் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"அண்ணை, நான் வரட்டோ?"

"வராதை. அவன் கட்டாயம் வருவான்."

கொஞ்ச நேரம் அழுதாளாம். பிறகு சொன்னாளாம்: "அப்ப நோட்டீஸிலை என்ரை பேரையும் போடாதைங்கோ. பேரைப் போட்டால் ஊரைக் கேப்பினம்."

"உனக்கென்ன விசரே? அம்மாவுக்கு நீ பிள்ளை இல்லையோ?"

"அது அம்மாவுக்குத் தெரியும் அண்ணை. நோட்டீஸுக்குத் தெரிய வேணுமெண்டில்லை."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வது? ஆனால் ஒன்பது வருடம் ஊரார் வீட்டுப் பெயர்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவன், தன் தாயின் நோட்டீஸில் தன் தங்கையை விடுவானா? பெயரைப் போட்டான், ஊரை விட்டான். அதுவே பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தான்.

பிறகு கை பழகிய வழியில் குழுவைத் தொடங்கினான். 'அம்மா' என்று பெயர். நூற்று அறுபத்து மூன்று பேர். கஜானனைச் சேர்க்கவில்லை, அவ்வளவு கவனம். ஆனால் றஜிதாவைச் சேர்த்தான். நேரலை லிங்கை அவளுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அது நூற்று அறுபத்து இரண்டு பேருக்கும் ஒரு தரம், அவளுக்கு ஒரு தரம் என்று இரண்டு வேலை. உடனே அவளிடமிருந்து வந்தது: 'அண்ணை, என்னை ஏன் இதிலை போட்டனீங்கள்?'

'லிங் இதிலைதான் வரும். பயப்பிடாதை. மேலை பூட்டுப் படம் போட்டு எழுதிக் கிடக்கு, வாசி. இதுக்குள்ளை கதைக்கிறதை வெளியாலை ஒருத்தரும் பாக்கேலாது' என்று எழுதினான்.

அது உண்மைதான், நல்ல பூட்டு. வெளியே நிற்பவன் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் பார்க்க முடியாது. ஆனால் நூற்று அறுபத்து மூன்று பேரையும் உள்ளே விட்டுவிட்டு அல்லவா அது பூட்டியது? ஒவ்வொருவரும் மற்றவர்களின் நம்பரைப் பார்க்கலாம், படத்தைப் பார்க்கலாம். வழியில் ஒன்றும் களவு போகாது, போய்ச் சேருகிற கையிலிருந்துதான் போகும். அந்தச் செயலியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அது கேட்டதைச் செய்தது.

பத்தரை மணிக்கு நோட்டீஸ் வந்தது. கோகுலன் (கனடா), சுபாங்கன் (வல்வெட்டித்துறை), றஜிதா ஆகியோரின் பாசமிகு தாயாரும் என்று இருந்தது. முதல் பத்து நிமிடம் கைகூப்பல்களும் எரிகிற விளக்குகளும் வந்தன. பிறகு பெரிய மாமியின் குரல் வந்தது. எழுதத் தெரிந்தாலும் அவர் குரலாகத்தான் அனுப்புவார், குரலில்தான் விஷம் சரியாகப் போய்ச் சேரும்.

"தம்பி சுபாங்கன், றஜிதாவுக்கு ஊர் விட்டுப் போச்சு மோனை. எல்லாருக்கும் அடைப்புக் கிடக்க அவளுக்கு மட்டும் வெறுமையாக் கிடந்தால் சனம் என்னெண்டு நினைக்கும்? ஆரோடையோ ஓடிப் போட்டாளெண்டெல்லே கதைக்கும்."

அதைத் தொடர்ந்து வரிசையாக வந்தார்கள். 'ஓம், ஊர் போட வேணும்.' 'றஜிதா இப்ப எங்கை?' 'இந்த நம்பர் அவளின்ரையோ? சாறி வடிவாக் கிடக்கு.' கனடாவிலிருந்து ஒரு மச்சான், 'நோட்டீஸ் அடிக்கிறவன்ரை வீட்டு நோட்டீஸிலையே பிழை' என்று எழுதிச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற முகம் ஒன்றையும் போட்டான். செத்தவீடு என்று ஞாபகம் வந்ததும் அதை எடுத்துவிட்டு அழுகிற முகத்தைப் போட்டான்.

அதுதான் சுபாங்கனைச் சுட்டது. தங்கையின் பயம் சுடவில்லை, தாயின் பிரேதம் சுடவில்லை, நோட்டீஸில் பிழை என்று ஒருவன் சொன்னது சுட்டது. பிரேதத்தின் கால்மாட்டில் மடிக்கணினியோடு இருந்தான். சாவகச்சேரி சின்ன ஊரா, அங்கே ஒருத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டானாம். 'றஜிதா (சாவகச்சேரி)' என்று திருத்தி மறுபடி போட்டான். கட்டைவிரல்கள் மளமளவென்று எழும்பின. பெரிய மாமி, "இப்பதான் நோட்டீஸ் நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" என்றார்.

பதினொரு நிமிடம் கழித்து றஜிதா அவனுக்கு எழுதினாள். 'அண்ணை, ஊரை எடுங்கோ.' எடுத்தான். எல்லோருக்கும் அழித்தான். அந்த இடத்தில், செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு சாம்பல் வரி மட்டும் இருந்தது. அச்சில் போன நோட்டீஸிலும் அவளுக்கு ஊர் இல்லை. ஆனால் பதினொரு நிமிடம் எங்கள் சனத்துக்கு எவ்வளவு பெரிய நேரம்! அதற்குள் அந்த நோட்டீஸ் ஊர்க் குழுக்களுக்கும், பள்ளிக்கூடப் பழைய மாணவர் குழுவுக்கும், லண்டனுக்கும், பாரிஸுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே போனதை இங்கிருந்து அழிக்க முடியாது. நானும் மூன்று இடத்துக்கு அனுப்பினேன். நேரத்தோடு அனுப்பினேன் என்று ஒரு திருப்தியும் இருந்தது.

நோட்டீஸையும், சேலைப் படத்தோடு அவளின் நம்பரையும் கஜானனுக்கு அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் தேடவில்லை. தேடினால் யாராவது நல்ல மனிதர் அகப்பட்டுவிடுவார் என்று பயம்.

புதன்கிழமை பிரேதத்தை எடுத்தார்கள். கஜானன் வெள்ளை வேட்டியோடு வந்தான். மருமகன் என்ற உரிமையோடு பாடையில் தோள் கொடுத்தான். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான். கமெரா எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும், அதற்கு முன்னாலேயேதான் நின்றான். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டுமென்றால் றஜிதா அந்த இரண்டு மணித்தியாலமும் அவனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். பெட்டி மூடுகிற நேரம் அவன் ஒருதரம் நிமிர்ந்து கமெராவை நேரே பார்த்தான். அழுகை அப்போது அவன் முகத்தில் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று படையலுக்கு எல்லோரும் வந்தார்கள். கஜானனும் பெரிய மாமியும் வரவில்லை. மாமிக்குச் சுகமில்லையாக்கும் என்று நினைத்தோம். சுபாங்கன் படையல் வேலையில் ஓடித் திரிந்தான். போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது. ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தான்.

'அண்ணை, உவர் கடை வாசலிலை நிக்கிறார். பெரிய மாமியும் நிக்கிறா. கெதியா வாங்கோ.'

நடந்ததைப் பெரிய மாமியே பிறகு வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். ஊர்ப் பெயர் கையில் இருந்தது. சேலைப் படத்தைச் சந்தையடியில் ஒரு ஓட்டோக்காரனுக்குக் காட்டினார்கள். "உது அந்தப் புடவைக்கடைப் பிள்ளையளின்ரை சாறியெல்லே" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டான். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. கஜானன் கடை முதலாளியின் கையைப் பிடித்து அழுதான். குடும்பப் பிரச்சினையைக் கடைக்குள் கொண்டுவராதைங்கோ என்று முதலாளி றஜிதாவின் பையை எடுத்துக் கொடுத்தார். "தாய் செத்து எட்டு நாள். இன்னும் என்ன ராங்கி உனக்கு?" என்று மாமி கையைப் பிடித்து, வாடகைக்குக் கொண்டுவந்த வான் ஒன்றில் ஏற்றினார். சுபாங்கன் அவளுக்குப் போன் எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பின்னேரம் 'அம்மா' குழுவில் பெரிய மாமி ஒரு படம் போட்டார். அந்த வாடகை வானின் சீற்றில் கஜானனும் றஜிதாவும். கீழே, 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, இரத்தினம்மா மேலையிருந்து பாப்பா.' தொண்ணூறு பேர் இதயம் போட்டார்கள். நான் போடவில்லை. அதையே ஒரு பெரிய வீரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமை கழித்துச் சுபாங்கனின் கடைக்குப் போனேன். சின்னம்மாவின் கல்வெட்டு திரையில் இருந்தது. பிழை பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தான். அவனுக்குத் தெரியாத பிழையா எனக்குத் தெரியப்போகிறது, தனியாக இருக்க முடியாமல் கூப்பிட்டான். மேசையில் இருந்த போன் முனகியது. றஜிதாவின் நம்பர். 'கல்வெட்டு பாத்தன். எல்லாம் சரி அண்ணா. என்ரை பேருக்குப் பக்கத்திலை பருத்தித்துறை எண்டு போடுங்கோ அண்ணா.'

மேலே தள்ளிப் பார்த்தேன். மூன்று கிழமையாக அப்படித்தான். 'நல்லா இருக்கிறன் அண்ணா.' 'உடம்பு சரியில்லை அண்ணா, பிறகு கதைக்கிறன்.' 'வீட்டுக்கு வர வேண்டாம் அண்ணா.'

"சுபாங்கன், இது றஜிதா எழுதினதில்லை" என்றேன்.

"ஓமக்கா."

"எப்ப கண்டனீ?"

"முதல் நாளே கண்டனான். அவள் பிறந்த நாளிலையிருந்து என்னை அண்ணா எண்டதில்லை."

"கண்டிட்டோ சும்மா இருக்கிறாய்?"

"ஒருக்காப் போனனான் அக்கா. அவள் நித்திரை எண்டான். கேற்றைத் திறக்கேல்லை. நான் இதிலை எதையும் எழுதினால் அவன்தான் வாசிப்பான், அடி அவளுக்குத்தான் விழும்."

நியாயம்தான். அவன் வீட்டிலிருந்து பருத்தித்துறைக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம். ஒருதரம் போனவன் இரண்டாம் தரம் போகவில்லை. நான் ஒருதரமும் போகவில்லை. என் கண்ணுக்கு முன்னாலேயே அவன் அடைப்புக்குறியைத் திறந்து 'பருத்தித்துறை' என்று அடித்து மூடினான். பிறகு அந்தச் செய்திக்குக் கீழே கட்டைவிரலைப் போட்டான்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கை முடித்து வந்தோம். வீட்டில் சாப்பாடு. கஜானன் றஜிதாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். மெலிந்திருந்தாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ. பெரிய மாமி அவளின் கன்னத்தைத் தடவி, "இப்பதான் முகத்திலை ஒரு களை" என்றார். அவள் மாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபாங்கன் கல்வெட்டுக் கட்டோடு வந்தான். அவளின் வலது பக்கமாகப் போய் நின்றான். கேட்கிற காது இருக்கும் பக்கம் அது, சின்ன வயதுக்காரர்கூட எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் வந்துதான் அவளோடு கதைப்பார்கள்.

"றஜி" என்றான்.

அவள் திரும்பவில்லை. தாயின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கிட்டப் போய், கொஞ்சம் உரக்க, "றஜி, அண்ணை வந்திருக்கிறன்" என்றான். சபையில் நாலு பேர் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை.

கஜானன் வாழையிலையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அவவுக்கு இப்ப ரெண்டும் சரியில்லை மச்சான். போனிலை எழுதிவிடுங்கோ, நான் வாசிச்சுக் காட்டுறன்."

சுபாங்கன் ஒரு கல்வெட்டை எடுத்து அவளின் மடியில் வைத்தான். பிறகு வரிசையாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு போனான். எனக்குக் கிடைத்ததை வீட்டுக்கு வந்து முழுக்க வாசித்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.